பெயரறியா உயிர்களும் பேரறமும்



கொல்லாமை என்னும் பேரறம் அறிவின்மேல் நிற்பது. எது உயிர், அதற்கு எத்தனை அறிவு, அது எங்கு வாழ்கிறது என்று அறிந்தவரே அதற்குத் தீங்கு நேராமல் நடக்க இயலும். மும்மணிகளில் நன்ஞானம் நல்லொழுக்கத்திற்கு முன்னே வைக்கப்பட்டிருப்பதும் இக்கருத்தோடு பொருந்துகிறது. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடம்பாகக் கொண்ட உயிர்கள் தொடங்கி ஐயறிவுயிர்கள் வரை பகுத்துக் காட்டியது சமண மரபு. தொல்காப்பிய மரபியலும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிக் கூறுகிறது. சமணப் புலவர் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் விலங்கின் பெயருக்கு ஒன்றும் மரப்பெயருக்கு ஒன்றும் அமைந்துள்ளன. ஆகவே, உயிர்களைப் பெயரிட்டு வகைப்படுத்தும் கல்வி இச்சமூகத்திற்குப் புதியதன்று. இன்று வகைப்பாட்டியல் என வழங்கும் அக்கல்வி, அரசின் ஆதரவு குறைந்து மெலிந்து வருகிறது. அதனால் விளையும் இழப்பு யாது என்பதைப் பாலாற்றங்கரையே காட்டும்.

ஆம்பூர்ப் பகுதியில் மலையாம்பட்டு அர்மாமலைக் குகையில் சமண ஓவியங்களின் எச்சங்கள் இன்றும் உள்ளன. அந்த வட்டாரத்தின் வழியே ஓடும் பாலாற்றின் கரைகளில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பு வந்தது, வேலை விரைந்து முடிந்தது, ஏற்றுமதி பெருகியது, பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. ஆனால், தோலைக் கெடாமல் காக்கும் உப்பும், பதனிடும் குரோமியமும் கழிவுநீரோடு கலந்து ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தன.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. கேடு வருமுன் காத்தல் வேண்டும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு உரைத்தது. தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்ற கணக்கு அதில் இடம்பெற்றது. அக்கணக்கைத் தந்தது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம். சூழல் இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் 29,000 பேருக்கு மேற்பட்டோருக்குச் சுமார் 26.8 கோடி ரூபாய் இழப்பீடு வரையறுத்தது. 2025 ஜனவரி 30 அன்றும் இதே சிக்கல் குறித்து உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு வழங்க நேர்ந்தது.

இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. நிலத்தை அளக்க ஓர் ஆய்வு மையம் இருந்தது. ஆகவே நிலத்தின் இழப்பு வழக்கேறியது. உழவருக்குப் பட்டா உண்டு. ஆகவே அவர் பெயர் பட்டியலேறியது. ஆற்று நத்தைக்குப் பட்டா இல்லை. மணலடியில் வாழ்ந்த நீர்ப்பூச்சிக்கு மனுப்போட ஆளில்லை. அவற்றின் சார்பில் வழக்குரைக்க வேண்டுமாயின், அவை அங்கே வாழ்ந்தன என்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்றை எழுதி வைப்பவர் வகைப்பாட்டியல் அறிஞர் ஒருவரே.

தாவரங்களைப் பொறுத்தவரை இப்பகுதிக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இரபினாட் உலர்தாவரகத்தை 1967இல் நிறுவிய அருட்தந்தை கே. எம். மாத்யூ, தம் குழுவினருடன் தமிழ்நாட்டின் சமவெளிகளிலும் கிழக்கு மலைகளிலும் அலைந்து செடிகளைத் திரட்டினார். கருநாடகப் பகுதி என்று தாவரவியலார் வழங்கும் அந்நிலத்தின் தாவரங்களைப் பற்றிய அவர்தம் பெருநூல் 1980களில் வெளிவந்தது. செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் பொருத்தி, எடுத்த இடமும் நாளும் எழுதி வைப்பது எளிய வேலைபோல் தோன்றும். ஆனால், ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் அச்செடி இல்லையெனில், அத்தாளே சாட்சி கூறும்.

நீர்வாழ் சிற்றுயிர்களுக்கும் இத்தகைய ஏடுகள் ஊர்தோறும் வேண்டும். தூய நீரிலன்றி வாழாத பூச்சி இளவுயிரிகள் உண்டு. கழிவுநீரிலும் தாங்கி வாழும் செந்நிறப் புழுக்களும் உண்டு. எவ்வினம் இருக்கிறது, எவ்வினம் மறைந்தது என்று அறிந்தால் நீரின் நிலையை அறியலாம். கருவி ஒரு நாளின் நீரை அளக்கும்; உயிரினமோ பல மாதங்களின் நீரைச் சொல்லும். ஆயினும், ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்தறியப் பல்லாண்டுப் பயிற்சி தேவை. ஆசிரியர் ஓய்வுபெறும்போது மாணவர் இல்லையெனில் அவ்வறிவு அவரோடு முடிகிறது.

அரசு இத்துறையில் ஒன்றுமே செய்யவில்லை என்பது நடுநிலையாகாது. இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் 1890இலும் விலங்கியல் அளவாய்வு நிறுவனம் 1916இலும் தோன்றின. 1,04,561 விலங்கினங்களைக் கொண்ட நாட்டுப் பட்டியல் 2024இல் வெளியிடப்பட்டது. அது பெருமைக்குரிய பணி. மறுபுறம், தன்னாட்சி நிறுவனங்களைக் குறைக்கும் நடுவண் அரசின் கொள்கையால், 1990இல் கோவையில் தொடங்கப்பெற்ற சாலிம் அலி பறவையியல் மையம் தன் தனியிருப்பை இழந்து, 2023இல் தேராதூன் இந்திய வனவுயிர் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. பட்டியல் ஒருமுறை அச்சிட்டு முடிவதன்று. ஆண்டுதோறும் ஆற்றில் இறங்கித் தேடுவோர்க்கு ஊதியம் வேண்டும். உலகில் இதுவரை பெயர்பெற்ற இனங்கள் ஏறத்தாழ இருபது இலட்சம். பெயர் பெறாதவை அவற்றினும் பல மடங்கு என்பது அறிஞர் கருத்து. சிக்கனம் என்ற பெயரால் இவ்வாய்விற்கான நிதியை வெட்டுவது, கணக்கப்பிள்ளையை நீக்கிவிட்டுக் களவே இல்லை என்பதற்கு ஒப்பாகும்.

இல்லறத்தார் செய்யத்தக்கனவும் உள. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வகைசெய்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அறிந்த மீன், பூச்சி, பச்சிலைப் பெயர்களை அதில் ஏற்றலாம். அறக்கட்டளைகள் வழங்கும் கல்வி உதவியில், விலங்கியலும் தாவரவியலும் பயில விரும்பும் ஒரு மாணவர்க்கேனும் இடம் தரலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையைக் கேட்பதுபோல ஆய்வு நிதியையும் கேட்கலாம்.

இரவில் உண்ணாமலும், நீரை வடிகட்டிப் பருகியும் கண்ணுக்குத் தெரியாத உயிரையும் காத்துவந்தது இச்சமூகம். குவளை நீரில் காட்டிய அக்கருணை ஆற்று நீருக்கும் செல்லுதல் வேண்டும். அதற்கு முதற்படி, அங்கே வாழும் உயிர்களின் பெயரை அறிதலே.