நிரப்பப்படாத பதினொரு பெயர்கள்

வென்ற கிண்ணங்களை எண்ணி ஒரு கழகத்தின் பெருமையை அளப்பது உலக வழக்கு. அவ்வழக்கிற்கு அடங்காத ஒரு பருவகாலமும் உண்டு.

1956, 1957ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்ற மான்செஸ்டர் யுனைட்டட் உதைபந்தாட்டக் கழகம், 1958 பெப்ரவரி 5ஆம் நாள் பெல்கிரேட் நகரில் 3-3 எனச் சமநிலை கண்டு, ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதிக்குத் தகுதி பெற்றது. மறுநாள், எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய அதன் விமானம், பனிச்சேறு படிந்த ஓடுபாதையிலிருந்து மேலெழ இயலாது நொறுங்கியது. மாண்டோர் 23 பேர். அவருள் எண்மர் ஆட்டக்காரர். முகாமையாளர் மற் பஸ்பி மருத்துவமனையில் உயிருக்குப் போராடினார்.

பதின்மூன்று நாட்களின் பின், இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்துக்காக ஷெபீல்ட் வென்ஸ்டே கழகத்தை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைய நிகழ்ச்சி மலரில், மான்செஸ்டர் அணியின் பதினொரு பெயர்களுக்குரிய இடம் வெறுமையாகவே அச்சிடப்பட்டிருந்தது. துணை முகாமையாளர் ஜிம்மி மேர்பி, இளைஞரையும் புதியவரையும் திரட்டிக் களமிறக்கினார். அணி 3-0 என வென்றது.

அப்பால் தோல்விகளே மிகுந்தன. சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் போல்டன் 2-0 என வென்றது. ஐரோப்பிய அரையிறுதியில் மிலான் முந்தியது. லீக்கில் ஒன்பதாம் இடமே கிட்டியது.

பத்தாண்டுகளின் பின், 1968இல், பஸ்பியின் அணி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. விபத்தில் உயிர்தப்பிய பொபி சார்ள்டனும் பில் போல்க்சும் அன்று களத்தில் நின்றனர். ஆயினும், அவ்வெற்றிக்கு வித்திட்டது, வெறுமையாய்க் கிடந்த அந்தப் பக்கத்தை நிரப்ப இளைஞர் முன்வந்த அந்த மாலைப்பொழுதே எனலாம்.