கோப்பின் கடைசிப் பக்கம்

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, பட்டம் பெறும் தம்பிகளே, தங்கைகளே!

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் வழக்காடுகிறவன். ஆனைக்குட்டத்தில் இந்தக் கல்லூரியில் பேச அழைத்தபோது, இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்றைப் பேச வேண்டும் என்று நினைத்தேன். படித்து முடித்து வேலைக்குப் போகும் வாசலில் பலரை மறிக்கும் பழைய வழக்கைப் பற்றிப் பேசப்போகிறேன்.

பட்டாசைப் பற்றவைக்கும் கருந்திரி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உரிமம் இல்லாமல் வீட்டில் கருந்திரி தயாரித்ததாக வழக்கு என்ற செய்தி, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் அடிக்கடி வருகிறது. அப்படி ஒரு வழக்கில் பத்தொன்பது வயதுப் பையனும் சிக்கலாம். வீட்டுக் கடனுக்காக லீவு நாளில் அம்மாவோடு உட்கார்ந்து கை கொடுத்திருப்பான். வெடிபொருள் சட்டம் 1884இன் 9பி பிரிவின்படி அனுமதியின்றித் தயாரித்தால் மூன்று ஆண்டு வரை சிறை. அந்த வேலை ஆபத்தானது, பக்கத்து வீட்டு உயிரையும் சேர்த்து எடுத்துவிடும். அதைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லி நான் இங்கே வரவில்லை. தண்டனை என்றைக்கு முடிகிறது என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

சட்டத்தில் இதற்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. நம் சென்னை மாகாணம் 1936லேயே நன்னடத்தைச் சட்டம் ஒன்றை இயற்றியது. நாடு முழுமைக்கும் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958இல் வந்தது. மரணமோ ஆயுளோ தண்டனையாக இல்லாத குற்றத்தில், நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், மூன்று ஆண்டுக்கு மிகாத காலத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். 6ஆவது பிரிவை உங்கள் வயதுக்காரர்கள் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், 21 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஏழை வீட்டுப் பையன் அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று ஒப்புக்கொள்கிறான். இந்தப் பிரிவைக் கேட்டுப் பெறலாம் என்று அவனிடம் சொல்ல ஆள் இருப்பதில்லை. உங்கள் தெருவில் யாருக்காவது அந்த நிலை வந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு, இப்படி நன்னடத்தையில் விடப்பட்டவருக்குக் குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்கிறது. படிக்கும்போது மனசு குளிர்கிறது. நடைமுறை வேறு மாதிரி. தகுதியிழப்பு போகுமே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பு போகாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொல்லிவிட்டது. பத்திரக் காலத்தை ஒரு தப்பும் செய்யாமல் முடித்தவரின் பதிவை அழிக்கவோ மூடி வைக்கவோ அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

முன்பு அந்தப் பதிவு ஒரு காவல் நிலையத்து அலமாரியில் கிடந்தது. இன்று நாடு முழுவதற்குமான கணினி வலையமைப்பில் இருக்கிறது. 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளம் காணல் சட்டம், கைரேகை, கருவிழி, கையெழுத்து வரை எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. முன்குற்றம் இல்லாதவர் விடுதலையானால், மேல்முறையீடெல்லாம் முடிந்தபின் அழிக்க வேண்டும். நன்னடத்தையில் போனவர் விடுதலையானவர் ஆகமாட்டார். 21 வயதில் கொடுத்த ரேகை 96 வயது வரை அங்கே இருக்கும். நம் பக்கத்து மக்களுக்கு ரேகை என்ற சொல்லே கசப்பானது. குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கைரேகைச் சட்டம் என்றுதான் கிராமங்களில் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பதிவை அழிக்கவே முடியாதா என்றால், முடியும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24ஆவது பிரிவில் அதைச் செய்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் தவறு செய்தவரின் பதிவை, மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் அழிக்க வேண்டும். கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது. ஆக, பிறந்தநாளுக்கு முந்தைய நாள் கருந்திரி உருட்டியவனுக்கு ஒரு வாழ்க்கை, மறுநாள் உருட்டியவனுக்கு வேறு வாழ்க்கை. இதில் எந்த நியாயத்தையும் என்னால் காண முடியவில்லை.

குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்களுக்கே பாடு இருக்கிறது. விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2021இல் தனி நீதிபதி, அதற்குச் சட்டம் இல்லையே என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. காவலர் தேர்வுக்கு ஓட்டப் பயிற்சி எடுக்கும் தம்பிகள் இன்னொன்றையும் கவனியுங்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விதி தமிழ்நாட்டுக் காவலர் பணியில் இருக்கிறது.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்கு மிகாத சிறையோ இரண்டாயிரம் வெள்ளிக்கு மிகாத அபராதமோ பெற்றவர், வேறு குற்றப்பதிவு இல்லாமல், ஐந்து ஆண்டு ஒழுங்காக வாழ்ந்தால் அந்தப் பதிவு காலாவதியாகிவிடும். பெரும்பாலான குற்றங்களுக்கு இது பொருந்தும். பிரிட்டன் 1974லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது. பிரிட்டன் விட்டுச் சென்ற 1884ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்னும் வைத்திருக்கும் நமக்கு, அவர்கள் 1974இல் செய்ததைச் செய்ய என்ன தயக்கம்?

சட்டம் வரும்வரை என்ன செய்வது? வழக்கை மறைக்காதீர்கள். வேலை விண்ணப்பத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, சிறு வயதில் நடந்த சில்லறை வழக்கை வேலை கொடுப்பவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. ஆனால் மறைத்தது தெரிந்தால், வழக்கைவிட மறைத்ததே பெரிய குற்றமாகிவிடுகிறது. தீர்ப்பின் சர்டிஃபைடு காப்பியை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வழக்கு முடிந்திருந்தால் பாஸ்போர்ட்டுக்கும் பயப்பட வேண்டாம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு ஐந்து ஆண்டுக்குள் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு மறுக்க வேண்டும் என்றுதான் 1967ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்குச் சிறைத்தண்டனையே விதிக்கப்படுவதில்லை.

உங்களில் பலர் நாளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப்போகிறீர்கள். வங்கியில், அச்சகத்தில், பட்டாசு ஆலை அலுவலகத்தில், ஆள் எடுக்கும் வேலை உங்களிடம் வரும். ஒரு கோப்பில் வழக்கு எண்ணைப் பார்த்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். கடைசிப் பக்கம் வரை படியுங்கள். வழக்கு எந்த ஆண்டு, அன்றைக்கு அவருக்கு என்ன வயது, முடிவு என்ன, அதன்பிறகு எப்படி வாழ்ந்தார் என்று கேளுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் உள்ளது. நம் சட்டமன்றமே திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். நன்னடத்தைக் காலத்தை முடித்தவரின் பதிவை மூடி வைக்க ஒரு சட்டம் வேண்டும் என்று, ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். படித்தவர்கள் கேட்டால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.