பொலன்னறுவைக்கு இரண்டு நாட்கள்



பயண நூல்களைப் பற்றி இந்நிகழ்ச்சியில் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று பேசப்போவது, இன்னும் புறப்படாத ஒரு பயணத்தைப் பற்றி. வாசிப்பில் ஈடுபாடுள்ள நண்பர்கள் ஐவர் கொழும்பிலிருந்து பொலன்னறுவைக்கு இரண்டு நாட்கள் போய்வர ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறோம். எதைப் பார்ப்பது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு.

நண்பர் ஒருவர் நீண்ட பட்டியல் ஒன்றை எழுதி வந்தார். பொலன்னறுவை முழுவதும், போகிற வழியில் தம்புள்ளை, திரும்புகிற வழியில் சீகிரியா. “இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்” என்றார். எனக்கு அந்த ‘முடித்துவிடலாம்’ என்ற சொல்தான் உறுத்தியது. ஒரு நூலை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டிவிட்டு முடித்துவிட்டேன் என்பவரை நாம் வாசகர் என்று சொல்வதில்லை. ஒரு பழைய நகரமும் அப்படித்தான். ஆகவே தம்புள்ளையையும் சீகிரியாவையும் இன்னொரு பயணத்துக்கு ஒதுக்கிவைத்தோம்.

அடுத்த வழக்கு இதைவிடக் கடுமையானது. ஒருவருக்குச் சோழர் கட்டிய சிவாலயத்தைப் பார்த்தால் போதும். “நம்முடையது அதுதானே” என்கிறார். மற்றவர், “அந்த நகரம் சிங்கள மன்னர்களின் நகரம். அவர்கள் செய்ததைப் பார்க்கவே போகிறோம்” என்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. 993ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தைக் கைப்பற்றிய சோழர், பொலன்னறுவையைத் தமது ஆட்சித் தலமாக்கி அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். ஆனால் தலைநகரை அவன் அநுராதபுரத்துக்குத் திருப்பவில்லை. சோழர் தெரிந்தெடுத்த நகரிலிருந்தே ஆண்டான். 1153இல் அரசனான பராக்கிரமபாகுவும், 1187இல் வந்த நிஸ்ஸங்க மல்லனும் அதை மேலும் வளர்த்தார்கள். 1215இல் மாகனின் படையெடுப்போடு அதன் பெருவாழ்வு குலைந்தது. இத்தகைய நகரில் ‘நம்முடையது’, ‘அவர்களுடையது’ என்று கோடு கிழிக்க எங்கே தொடங்குவது?

இதற்கு விடை சொல்லக்கூடிய கல் ஒன்று அங்கே நிற்கிறது. அதை நடுவில் வைத்தே எங்கள் பயணத்தை வகுத்திருக்கிறேன்.

பயணம் கொழும்பு நூதனசாலையில் தொடங்கும். 1907, 1908ஆம் ஆண்டுகளில் பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளைக் காண வேண்டிய இடம் அதுவே. நடராஜரும் உமையும் சமய குரவரும் அங்கிருக்கிறார்கள். ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட நூலில் இந்தத் திருமேனிகளைப் பற்றியும் எழுதினார். இவற்றைப் பார்த்துவிட்டுப் போனால், அங்குள்ள வெறுங் கருவறைகள் வெறுமையாகத் தோன்றா.

மட்டக்களப்புப் புகையிரதத்தில் போகிறோம். பொலன்னறுவை நிலையம் கதுறுவெலயில் இருக்கிறது. பழைய நகருக்கு அங்கிருந்து மேற்கே சில கிலோமீற்றர் போக வேண்டும். நகருக்குள் சுற்றச் சைக்கிள்களை வாடகைக்கு எடுப்போம். நண்பகலில் கல் நன்றாகக் கொதிக்கும். புனித இடங்களிலோ செருப்பும் தொப்பியும் ஆகா. ஆகவே காலையும் மாலையும் பார்ப்பதற்கு, நடுப்பகல் ஓய்வுக்கு.

முதல் நாள் மாலை, இரண்டாம் இலக்கச் சிவாலயம். முழுவதும் கல்லாலான சிறிய கோயில். வானவன்மாதேவி ஈச்சரம் என்ற அதன் பழைய பெயரைக் கல்வெட்டுக்கள் தருகின்றன. எத்தனையோ பெருங் கட்டடங்கள் கூரையிழந்து நிற்க, இது சிகரத்தோடு நிற்கிறது.

மறுநாள் காலை, தலதா மளுவ. அங்கே நிஸ்ஸங்க மல்லனின் கல்பொத்த எனப்படும் கற்புத்தகம் எட்டு மீற்றருக்கும் அதிகமான நீளத்தில் கிடக்கிறது. மன்னன் தன் புகழைத் தானே எழுதுவித்த கல். அதே மளுவவில், விஜயபாகு தந்ததாதுவுக்காக எழுப்பிய அட்டதாகே என்ற மாளிகையருகே, ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. வேளைக்காரப் படையினர் பொறித்தது. அந்தத் தாது மாளிகையையும் அதன் ஊர்களையும் உடைமைகளையும் அங்கே பணிபுரிவோரையும், தமது குலம் உள்ளவரை, உயிரைக் கொடுத்தேனும் காப்போம் என்று அதில் உறுதிமொழி கொடுக்கிறார்கள். அந்தப் பௌத்த ஆலயத்துக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று தங்கள் பெயரையே சூட்டுகிறார்கள்.

இவர்கள் சாதுக்களல்லர். சோழ நாட்டின்மீது படையெடுக்குமாறு விஜயபாகு பணித்தபோது, இந்த வேளைக்காரரே கலகம் செய்து அரண்மனைக்குத் தீயிட்டார்கள் என்றும், மன்னன் அவர்களைக் கொடூரமாக அடக்கினான் என்றும் சூளவம்சம் கூறுகிறது. அம்மன்னன் இறந்தபின், அவன் கட்டிய ஆலயத்தின் காவலை இப்படையினர் ஏற்கிறார்கள். அதைக் கேட்டு அவர்களை அழைத்தவர் ஒரு பௌத்த மகாதேரர். கூலியும் அச்சமும் அரசியலும் அதில் கலந்திருக்கலாம். எனினும் கொடுத்த வாக்கைத் தமிழிலே கல்லில் வெட்டி, எல்லோரும் காண நிறுத்தினார்கள். இந்தக் கல்லின் முன்னால் எங்கள் நண்பர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை.

தமிழறிந்தவர் பலர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். அக்கால எழுத்தை இன்றைய கண் எளிதில் வாசிக்காது. ஆனால் கல்வெட்டின் வாசகம் ‘எபிகிராபியா செய்லானிக்கா’ இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போகிறோம். கல்லையும் காகிதத்தையும் ஒப்பிட்டு, தெரிந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாய்க் கூட்டி வாசிப்பதற்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒதுக்கியிருக்கிறேன். அதற்காக அரண்மனையையும் திவங்க மண்டபத்தின் சுவரோவியங்களையும் இம்முறை விட்டுவிடுகிறோம். வருத்தந்தான்.

கடைசி மாலை கல்விகாரைக்கு. ஒரே பாறையில் செதுக்கிய உருவங்கள். சயனித்திருக்கும் புத்தர் பதினான்கு மீற்றர் நீளம். அங்கே குறிப்பேடு வேண்டாம், விளக்கமும் வேண்டாம், சும்மா உட்கார்ந்திருப்போம் என்று சொல்லியிருக்கிறேன். இதில் மட்டும் ஐவரும் உடனே ஒத்துக்கொண்டோம்.

நேயர்களே, நீங்களும் ஒரு பழைய நகருக்குப் புறப்படுவதாயின், பார்க்க வேண்டிய இடங்களை எழுதுமுன் அங்கே போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். எங்கள் பட்டியலில் இப்போது எஞ்சியிருப்பவை நான்கே இடங்கள். அவற்றுக்கும் இரண்டு நாட்கள் போதுமா என்பதே இப்போது என் கவலை.