வீட்டில் பேசும் மொழி

போன தை மாதம் என் தங்கை வீட்டு மேசையில் ஒரு விண்ணப்பப் படிவம் கிடந்தது. கோவையில் உள்ள ஓர் இன்டர்நேஷனல் பள்ளியின் படிவம். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வாங்கி வந்திருந்தார்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, அப்பாவின் தொழில், அம்மாவின் படிப்பு என்று எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'வீட்டில் பேசும் மொழி'.

"இதுக்கு என்னங்க எழுதறது?" என்று தங்கை கேட்டாள். மாப்பிள்ளை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்கிலீஷ்னே போட்டுரு. தமிழ்னு போட்டா எடுப்பாங்களோ மாட்டாங்களோ" என்றார். அந்த வீட்டில் பட்டறைக் கணக்கு முதல் பாப்பாவின் காய்ச்சல் வரை பேச்செல்லாம் தமிழில்தான். அந்த நேரத்தில்கூடப் பாப்பா உள்ளே போனில், அன்னூர் பக்கம் இருக்கும் அம்மிச்சியிடம், "நம்ம வெள்ளாட்டுக்குட்டி எந்திரிச்சு நிக்குதுங்களா அம்மிச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். படிவத்தில் 'இங்கிலீஷ்' என்று ஏறியது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பள்ளியில் கூப்பிட்டார்கள். படிவத்தைப் பார்த்துக்கொண்டே ஆசிரியை குழந்தையிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்று வீட்டில் சந்தகை. மாவு வெந்ததையும், அம்மா அச்சில் வைத்துப் பிழிந்ததையும், தேங்காய்ப் பால் ஊற்றிச் சாப்பிட்டதையும் தமிழில் கேட்டிருந்தால் பாப்பா கால் மணி நேரம் சொல்லியிருப்பாள். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். 'கூச்ச சுபாவம்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஆசிரியையை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டு மொழி ஆங்கிலம் என்று நாங்கள் எழுதிக்கொடுத்ததை அவர் நம்பினார்.

இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது? நேர்காணலில் தேறினால்தான் இடம் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். சட்டம் வேறு சொல்கிறது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துச் சேர்க்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே மற்றப் பள்ளிகளில், ஒன்றாம் வகுப்புக்குப் போகும் குழந்தைக்கு ஆங்கிலம் வராது என்பது இடம் மறுக்கக் காரணமே ஆகாது.

'இன்டர்நேஷனல்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். அவிநாசி சாலையிலும் பொள்ளாச்சி சாலையிலும் எத்தனையோ பெயர்ப் பலகைகளில் அந்தச் சொல்லைப் பார்க்கிறோம். பெயரில் இருப்பதாலேயே பாடத்திட்டம் பன்னாட்டுப் பாடத்திட்டம் ஆகிவிடாது. உள்ளே நடப்பது பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பாடம். அதில் குறை ஒன்றும் இல்லை, பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் சரி. உண்மையான பன்னாட்டுப் பாடத்திட்டங்களில் ஒன்று, 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி. என்னும் இன்டர்நேஷனல் பேக்கலாரியட். நமக்குப் பக்கத்தில், கொடைக்கானலில் 1901-இல் தொடங்கப்பட்ட பள்ளிதான் 1976-இல் அதை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது. கோவையில் சிறுவாணி சாலையில் உள்ள சின்மயா பள்ளியிலும் ஐ.பி. உண்டு. ஐ.பி. நிறுவனத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. அங்கீகாரத்துக்காகக் காத்திருக்கும் பள்ளி தன்னை 'கேண்டிடேட்' என்று சொல்லிக்கொள்ளும். அது அங்கீகாரம் ஆகாது. கட்டணம் கட்டுமுன் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

இனி இருமொழிக் கல்விக்கு வருகிறேன். பள்ளியின் விளம்பர மடலில் 'இருமொழி' என்று அச்சிட்டிருப்பார்கள். கால அட்டவணையைப் பார்த்தால் தமிழுக்கு ஒரு பீரியட், மீதி எல்லாம் ஆங்கிலம். கணக்கையோ அறிவியலையோ இரண்டு மொழியிலும் யோசிக்கப் பழக்கினால்தான் அதற்கு இருமொழிக் கல்வி என்று பெயர். 1965-இல் கனடாவின் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வழி வகுப்பு தொடங்கவைத்தார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட சோதனை அது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்த மொழி போய்விடுமோ என்ற கவலை இல்லை. வீட்டிலும் கடையிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம் காத்திருந்தது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம், கைபேசியில் ஆங்கிலம். வீடு ஒன்றுதான் தமிழுக்கு மிச்சம். அந்த வீட்டைப் பற்றியே படிவத்தில் மாற்றி எழுதிவிட்டால்?

தமிழில் அறிவியல் முடியாது என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல வெளியூர் போகவேண்டாம். திருப்பூரில் பிறந்த தி.சு. அவிநாசிலிங்கம் 1930-இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பாடமொழி ஆக்கினார். அவர் முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவானது. அந்தக் கழகத்துக்காக, மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரரான பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக முடித்துக்கொடுத்தார். 1954-இல் முதல் தொகுதி, 1968-இல் பத்தாவது. அணுவும் மின்சாரமும் உயிரணுவும் நல்ல தமிழில் அதில் இருக்கின்றன. தூரனும் பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள அதே வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். இந்த மண்ணின் இரண்டு மனிதர்கள் செய்து காட்டிய காரியம் இது. இதை எந்தச் சேர்க்கைக் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்பித்தல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். 2014-இல் வந்த அரசாணை சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. போன்ற பிற வாரியப் பள்ளிகளையும் இதில் சேர்த்தது. 2015-16-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறவேண்டும் என்பது ஏற்பாடு. பின்னாளில் அரசு வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கும் தமிழ் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.யின் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுக்காதவர்களின் மற்றத் தாள்களைத் திருத்துவதே இல்லை.

ஆகவே பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீச்சல் குளத்தையும் ஸ்மார்ட் போர்டையும் அவர்களே காட்டுவார்கள். தமிழ் வகுப்பை நீங்கள்தான் கேட்கவேண்டும். தமிழாசிரியரைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசுங்கள். நூலகத்தில் தமிழ்க் கதைப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, பிள்ளைகள் அதை எடுத்துப் போகிறார்களா என்று கேளுங்கள். விளையாட்டு மைதானத்தில் தமிழ் பேசினால் அபராதம் உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கை அடுத்து ஒரு பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கினாள். அந்தக் கட்டத்தைப் பாப்பாவே நிரப்பினாள். மூன்றே எழுத்து, கொஞ்சம் கோணலாக. நேயர்களே, உங்கள் வீட்டு மேசையிலும் இப்போது ஒரு படிவம் இருக்கலாம். உங்கள் வீட்டில் பேசுவது தமிழ் என்றால், தமிழ் என்றே எழுதுங்கள்.