காலையில் தெளிவு, மதியத்தில் குழப்பம்



மறதி நோய் உள்ள சிலர் காலையில் பேரப்பிள்ளைகளின் பெயரையெல்லாம் சரியாகச் சொல்வார்கள். மதியத்தில், இருப்பது சொந்த வீடு என்பதே தெரியாமல் திகைப்பார்கள். மறுநாள் மறுபடியும் தெளிவு. "வேணுமென்றே நடிக்கிறார்" என்று வீட்டார் நினைத்துவிடுவதுண்டு. அது நடிப்பல்ல, நோயின் இயல்பு.

1912இல் லூயி என்ற ஜெர்மானிய மருத்துவர், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களில் சின்னஞ்சிறு திரள்களைக் கண்டு விவரித்தார். அந்தத் திரள்கள் அவர் பெயரால் 'லூயி பாடி' எனப்படுகின்றன. அவற்றோடு தொடர்புள்ள 'லூயி பாடி' மறதி நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று, தெளிவும் குழப்பமும் மாறி மாறி வரும் இந்த ஏற்ற இறக்கம்.

மருத்துவரிடம் போகும் நேரத்தில் நோயாளி தெளிவாக இருந்துவிட்டால்? அதனால்தான் வீட்டார் சொல்வது மிகவும் முக்கியம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2004இல் வீட்டாரிடம் கேட்க நான்கு கேள்விகளை முன்வைத்தார்கள். இரவு நன்றாகத் தூங்கியும் பகலில் சோர்ந்து கிடக்கிறாரா? பகலில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்குகிறாரா? வெறித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாரா? சில வேளைகளில் பேச்சு கோர்வையில்லாமல் போகிறதா? மூன்றுக்காவது 'ஆம்' என்றால், லூயி பாடி வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே.

மருத்துவரிடம் காட்ட, ஒரு நோட்டில் நாள், நேரம், பார்த்தது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று குழப்பம் கூடினால், சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை எதுவும் காரணமாகலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தெளிவான வேளையில் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று அப்போதே கேளுங்கள்.