கால் எரிச்சலும் குடும்ப வழியும்

(மடத்துக்குளம் வட்டார மகளிர் குழுக் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் பேசியது)



சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நூல் மில்லில் முப்பது வருஷம் நின்று வேலை பார்த்த பெரியவர். "ராத்திரி படுத்தா பாதம் ரெண்டும் தீயா எரியுதுங்க. சிமெண்டுத் தரையில காலை வெச்சாத்தான் தூக்கமே வருது" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அஞ்சாறு வருஷமாச்சுங்க. எங்கய்யனுக்கும் இப்படித்தான். அக்காளுக்கும் இருக்குது. எங்க வம்சமே சூட்டு ஒடம்புங்க" என்றார்.

நானும் மில்லில் நின்ற கால்தானே என்று நினைத்து, ஓய்வு எடுங்க, சத்து மாத்திரை சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரத்தம் பார்க்கச் சொல்லவில்லை. அது என் தப்பு.

அந்தப் பங்குனி உத்திரத்துக்கு அவர் வேண்டுதலின் பேரில் செருப்பில்லாமல் பழனிக்கு நடந்தார். உச்சி வெயில், தார் ரோடு. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். கூட வந்தவர்கள் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. புண் ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது ஆஸ்பத்திரியில் அப்போதுதான் தெரிந்தது.

ராத்திரி எரியுது என்றவருக்குத் தார் சுடுவது எப்படித் தெரியாமல் போச்சு என்று நீங்கள் கேட்கலாம். நரம்பு பழுதானால் இரண்டும் நடக்கும். ஒன்றுமே படாதபோது எரிகிறது, குத்துகிறது, மதமதக்கிறது என்று பொய்ச் சேதி அனுப்பும். நெருப்பே பட்டாலும் மெய்ச் சேதி அனுப்பாது. ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காக ஏறி நின்றால் நரம்பும், நரம்புக்கு ரத்தம் கொடுக்கிற மெல்லிய குழாய்களும் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. ஆகவே பாதத்தில்தான் முதலில் தெரியும். இரண்டு காலிலும் ஒன்றுபோல, காலுறை போட்ட மாதிரி கீழிருந்து மேலே ஏறும்.

நின்று வேலை செய்த அலுப்பு உட்கார்ந்தால் தணியும். இந்த எரிச்சலோ படுத்தால்தான் அதிகமாகும். பஞ்சு மேல் நடப்பது போலிருக்கும், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது.

சரி, "வம்சம்" என்றாரே, அது பொய்யா? முழுப் பொய் இல்லை. பரம்பரையாக வந்தது எரிச்சல் அல்ல, சர்க்கரை வியாதி வருவதற்கான வாகு. டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். தாய் தந்தை இருவருக்குமே சர்க்கரை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைப் பின்னாளில் சென்னையிலேயே பரிசோதித்தார்கள். அவர்களிடம் இந்த வியாதி மிகுதியாக இருந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று 2023-இல் வெளியான கணக்கு சொல்கிறது.

அந்தப் பெரியவரின் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறவர். இரண்டாவது பிரசவத்தில் சர்க்கரை இருந்ததாம். "பிள்ளை பொறந்ததோட சரியாப் போச்சுங்க" என்றார். கர்ப்பத்தில் சர்க்கரை வந்து மறைந்தவர்களுக்குப் பின்னால் அது திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். இந்த முறை நான் விடவில்லை. வெறும் வயிற்றில் பார்த்தபோது 126-க்கு மேல்! டாக்டர் மறுபடி ஒரு தடவை பார்த்து உறுதி செய்தார். கால் எரிச்சல் அவருக்கு இன்னும் வரவில்லை. அப்பனுக்குக் கிடைக்காத காலம் மகளுக்குக் கிடைத்திருக்கிறது.

இன்னொரு வகை உண்டு. அது நேராகவே பரம்பரை நரம்பு நோய். சிறு வயதிலேயே பாதம் வில் போல வளைந்து, கெண்டைக்கால் சூம்பி, ஓடும்போது தடுக்கித் தடுக்கி விழுவார்கள். பாரீசில் ஷார்கோ, மேரி என்ற இருவரும் லண்டனில் டூத் என்பவரும் 1886-இல் இதை எழுதி வைத்தார்கள். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள வகைகள் உண்டு. தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளையிடம் மட்டும் வெளிப்படும் வகையும் உண்டு. அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று ரத்த உறவிலேயே கட்டும்போது இந்தப் பிந்தியது வர இடம் அதிகம். உறவு விட்டுப் போகக் கூடாது என்ற உங்கள் எண்ணம் எனக்குப் புரியாமல் இல்லை, நானும் இந்த ஊர்ப்பக்கத்துக்காரன்தான். ஆனாலும் இரண்டு வீட்டிலும் இப்படிக் கால் உள்ளவர்கள் இருந்தால், நாள் குறிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள்.

மரத்துப் போன கால் என்றதும் சிலர் தொழுநோயோ என்று பயந்து மறைக்கிறார்கள். தொழுநோய் பரம்பரை நோய் அல்ல, கிருமியால் வருவது, மருந்தால் குணமாகும். உணர்ச்சியற்ற தேமலும் இருந்தால் உடனே காட்டுங்கள். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியிலிருந்து இந்த நோயாளிகளைப் பார்த்தவர். சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால்தான் காயம் பட்டுப் பட்டு விரல் போகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். சர்க்கரைக் காலுக்கும் அதே பாடந்தான். மெத்தென்ற ரப்பர் செருப்பு இரண்டு பேருக்கும் ஆகும்.

குடி, பி12 சத்துக் குறைவு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் எரிச்சல் வரும். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நீங்களாகச் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள், வெந்நீரில் காலை வைக்காதீர்கள், ஆணிக்காலைப் பிளேடால் சீவாதீர்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். பார்வை போதாதவர்களுக்குப் பேரப் பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். வேண்டுதல் உள்ளவர்கள் செருப்போடு நடந்தால் முருகன் கோவித்துக்கொள்ள மாட்டான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கையை நீட்டுங்கள்.

இப்போது பக்கத்தில் இருப்பவரோடு ஒரு சோதனை செய்யலாம். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் அவருடைய இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது. எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு தெரியாவிட்டால் நர்ஸம்மாவிடம் பெயரைக் கொடுங்கள்.