வங்கியின் கை நம் கணக்கில்



பெங்களூரிலிருந்து சாமராசநகர், சத்தியமங்கலம் வழியாகக் கோயம்புத்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கொள்ளேகால் என்னும் ஊர் இருக்கிறது. பட்டுக்குப் பேர் போன ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அது சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பில் மைசூரோடு இணைந்து, நெடுங்காலம் மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்துக்கு உட்பட்டிருக்கிறது. ஆகவே அங்குள்ள தமிழர்களில் ஒரு சாரார் தம் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலேயே வெளி மாநிலத்தவர் ஆனவர்கள். மற்றொரு சாரார் பிழைப்பின் பொருட்டு வந்து சேர்ந்தவர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட செய்தி இரு சாராருக்கும் பொதுவானது. வேறு ஊர்களில் வாழும் நேயர்களுக்கும் பொருந்துவது.

அவ்வூரில் ஒரு பட்டுக் கடையில் கணக்கெழுதும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாதச் சம்பளம் 16,000 ரூபாய். சம்பளம் விழும் வங்கியே அவருக்குக் கடன் அட்டை ஒன்றையும் கொடுத்திருக்கிறது. வீட்டில் நோய் வந்த மாதத்தில் அட்டையைப் பயன்படுத்தினார். அடுத்து வந்த மாதங்களில் தவணை தவறினார். ஒரு முதல் தேதியன்று ஊருக்குப் பணம் அனுப்பலாமென்று பார்க்கையில் கணக்கில் மிஞ்சியிருப்பது சில நூறு ரூபாய். வங்கி தன் பாக்கிக்காக எடுத்துக்கொண்டது. ஊரில் தாயார் மருந்துக்குக் காத்திருக்கிறார். வீட்டுக்காரர் வாடகைக்குக் காத்திருக்கிறார். என் பணத்தை என்னைக் கேளாமல் எடுக்க இவர்கள் யார் என்று அவர் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. விடைதான் சற்று நீளமானது.

வங்கியில் நாம் போட்ட பணம், சட்டத்தின் கண்ணில், பெட்டியில் பூட்டி வைத்த பணமன்று. அது வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். அட்டையில் நாம் செலவழித்ததோ, நாம் வங்கிக்குத் தர வேண்டிய கடன். ஒருவருக்கொருவர் கடன்பட்ட இருவர், ஒன்றை மற்றொன்றில் கழித்துக்கொள்ளலாம் என்பது பழைய வழக்கு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, தம்மிடம் வந்து சேர்ந்த சொத்தைப் பொதுவான பாக்கிக்காக நிறுத்தி வைத்துக்கொள்ளும் உரிமையை வங்கியாளர்களுக்கு வழங்குகிறது. அதே 1872இல், ஒரே வங்கியின் இரு கிளைகளில் உள்ள கணக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று தீர்ப்புரைத்தது. ஆதலால் அட்டை பெங்களூர்க் கிளையில் வாங்கியது, கணக்கு கொள்ளேகாலில் இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. வங்கி ஒன்றே.

இவ்விரு உரிமைகளையும் தமிழில் பற்றுரிமை என்றும் எதிரீடு என்றும் வழங்குகிறோம். மைய அரசில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்க்கும் நமக்கு, இச்சொற்கள் அழகாகவே தோன்றும். ஏட்டில் பற்று வரவு எழுதிய நம் முன்னோர் வழியில் வந்த சொல்லன்றோ பற்று? ஆனால் கொள்ளேகால் கிளையில் நம் கணக்கர் கையெழுத்திட்ட படிவம் கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்திருக்கும். கன்னடம் பேசத் தெரிந்தவருக்கும், சிறிய எழுத்தில் அச்சிட்ட சட்ட நடை புரியும் என்று சொல்வதற்கில்லை. அட்டை ஒப்பந்தங்களில் எதிரீட்டுக்கு இசைவு தரும் வாசகம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது பின்னர் வாதமாக நில்லாது. ஆகவே படிவத்தைப் பெற்றதும் அவ்வாசகம் எது என்று அலுவலரையே சுட்டிக் காட்டச் சொல்வது தவறன்று. அவர் முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

உரிமை உண்டு என்றோம்; அதற்கு எல்லையும் உண்டு. கடன்பட்டவரும் கணக்குக்கு உரியவரும் ஒருவராகவே இருத்தல் வேண்டும். கணவன் பெயரில் அட்டை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு என்றால், வேறு இசைவு எழுதித் தந்திருந்தாலன்றி, மனைவியின் பணத்தைக் கணவனின் பாக்கிக்கு எடுப்பது முறையாகாது. கடன் தவணை முதிர்ந்து, தொகையும் உறுதியாக இருத்தல் வேண்டும். கணக்கில் பிழை உண்டென்று நாம் முன்பே எழுதித் தகராறு செய்த தொகையை உறுதியான கடன் என்று சொல்வது கடினம். அட்டையை வழங்கியது வங்கியா, வங்கியின் பெயரைத் தாங்கிய வேறொரு கம்பெனியா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னது, சட்டப்படி வேறு ஆள்.

மற்றொன்று, அறிவிப்பு. ரிசர்வு வங்கி 2003இல் கடன் கொடுப்போருக்கு வகுத்த நேர்மை நெறியில், ஒரு கடன் தீர்ந்த பின்னும் வேறு பாக்கிக்காக ஈட்டை நிறுத்தி எதிரீடு செய்வதாயின், பாக்கி விவரங்களோடும் ஆதாரப் பத்திரங்களின் விவரத்தோடும் கடனாளிக்கு அறிவிக்க வேண்டுமென்று கூறப்பட்டது. அது ஈட்டைப் பற்றிய விதியாயினும், அதன் உட்கருத்து சம்பளக் கணக்குக்கும் பொருந்தும் என்பதே நம் கருத்து. முன்னறிவிப்பு இல்லாமல் மாதச் சம்பளம் முழுவதையும் துடைத்தெடுப்பது, சட்டம் இடங்கொடுக்கும் இடத்திலும் நல்ல வங்கித் தொழிலாகாது.

சம்பளத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, சாதாரணக் கடனுக்காக நீதிமன்றமே ஒருவர் சம்பளத்தை சப்தி செய்யும்போது, முதல் 1,000 ரூபாயையும், எஞ்சியதில் 3இல் 2 பங்கையும் தொடலாகாது. அரசு ஓய்வூதியத்தையும் அச்சட்டம் காக்கிறது. ஓய்வுக்காலப் பணம் வங்கியில் வைப்புத் தொகையாக மாறிய பின்னும் அதன் தன்மை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. இவை நீதிமன்ற சப்தியைப் பற்றியவை. எதிரீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் உறுதி கூறவில்லை. ஆயினும் தீர்ப்புப் பெற்ற கடன்காரனுக்கே கிடைக்காத பணத்தை, தீர்ப்பில்லாத கடன்காரன் தானாக எடுத்துக்கொள்வது எங்ஙனம் என்று கேட்பதற்கு இடமிருக்கிறது. முறையீட்டுக் கடிதத்தில் அதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

கேட்டால் பலன் உண்டு என்பதற்குக் கொள்ளேகாலுக்கு அண்மையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு நேர்ந்தது. உயிர் தப்பியோருக்குக் கேரள அரசு அவசர உதவியாக 10,000 ரூபாய் வழங்கியது. அப்பணம் கணக்கில் வந்ததும், கேரள கிராமிய வங்கி சிலருடைய கடன் தவணையை அதிலிருந்து பிடித்துக்கொண்டது. வீடும் உறவும் மண்ணில் போனவர்கள் வாங்கிய பழைய கடனுக்கான தவணை அது! ஆகஸ்டு மாதத்தில் கிளர்ச்சி எழுந்தது. வங்கியாளர் கூட்டத்தில் முதலமைச்சரே கண்டித்தார். பிடித்த பணம் திருப்பித் தரப்பட்டது. இங்கே கவனிக்கத் தக்கது யாதெனில், பல கணக்குகளில் தவணை பிடிப்பது எவரும் உட்கார்ந்து முடிவு செய்து நடப்பதன்று. குறித்த தேதியில் பணம் இருந்தால் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அது நிவாரணமா சம்பளமா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியவர் நாமே.

அட்டைக் கடன் ஏன் இவ்வளவு விரைவில் கழுத்தை நெரிக்கிறது என்பதையும் ஒரு கணக்கினால் காணலாம். பாக்கி 20,000 ரூபாய். வட்டி மாதம் 3.5 விழுக்காடு, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது 1,000 ரூபாய். வட்டி 700, அதன்மீது வரி 18 விழுக்காடு, அதாவது 126. ஆயிரம் கட்டியும் அசலில் குறைவது 174 ரூபாய்தான். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டி முறையற்ற வாணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியிருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அந்த வேலி இப்போது இல்லை.

பணம் போன பின் செய்யத் தக்கது என்ன? கிளையில் நின்று உரக்கப் பேசுவதால் ஆவதொன்றுமில்லை. அங்கிருப்பவருக்கும் அதிகாரம் குறைவு. கடிதம் எழுத வேண்டும். எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எந்த ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தின்படி எடுக்கப்பட்டது, முன்னறிவிப்பு எந்நாளில் எம்முகவரிக்கு அனுப்பப்பட்டது, அசல் எவ்வளவு, வட்டியும் கட்டணமும் எவ்வளவு என்று கேட்க வேண்டும். எடுத்தது சம்பளமாயின், சம்பளச் சீட்டின் நகலை இணைத்து, குடும்பச் செலவுக்குரிய பகுதியைத் திருப்பித் தருமாறும், எஞ்சிய பாக்கிக்கு மாதம் இவ்வளவு தரச் சித்தமாயிருப்பதாகவும் எழுத வேண்டும். தர இயலாத தொகையை வீறாப்பாக எழுதிவிட்டு அடுத்த மாதமே தவறுவதைவிட, சிறு தொகையை எழுதி ஒழுங்காகக் கட்டுவது மேல். கடனே இல்லை என்று சாதிப்பது வேண்டாம். அது கடிதத்தின் மற்ற வலுவையும் கெடுத்துவிடும்.

இனி வரும் சம்பளத்தை வேறு வங்கியில் உள்ள கணக்குக்கு அனுப்புமாறு முதலாளியிடம் கேட்கலாம். இதைச் சிலர் ஏமாற்று என்பர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. கடன் அப்படியே நிற்கிறது, வட்டியும் ஏறுகிறது, வங்கி நீதிமன்றம் செல்லவும் தடையில்லை. அரிசிக்கும் வாடகைக்கும் உரிய பணம் முதல் தேதியன்று கையில் இருக்கிறது, அவ்வளவே. புதிய கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்க முன்பு எங்கேனும் இசைவு கொடுத்திருக்கிறோமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலும், தந்த பதில் மனநிறைவு அளிக்காவிட்டாலும், ரிசர்வு வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் காலந்தாழ்த்தாமல் முறையிடலாம். கட்டணம் இல்லை. வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் அவர் ஏற்கமாட்டார். 2021 நவம்பரில் இத்திட்டம் ஒருங்கிணைக்கப்பட்டபோது, எம்மொழியில் எழுதிய முறையீட்டையும் பெறுவதற்குச் சண்டிகரில் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. கொள்ளேகாலில் இருந்துகொண்டு சண்டிகருக்குத் தமிழில் எழுதலாம் என்பது, மொழிபெயர்ப்பே தொழிலான நமக்குச் சிறிது வியப்பாகவும் பெரிதும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. 14448 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் விவரம் கேட்டறியலாம்.

அந்த 30 நாள் கணக்கு, வங்கிக்கு நாம் கொடுத்த முதற் கடிதத்திலிருந்து தொடங்குகிறது. ஆதலால் கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையையும் தேதியையும் பெற்றுக்கொண்டே வெளியில் வர வேண்டும். முத்திரையிட மறுத்தால், அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நகலோடு தைத்து வைத்துக்கொள்ளலாம்.